நாற்காலி கொடுத்தவர்

“புகழையும் இகழையும் ஒரே நிறையாகக் காண்பவர். பத்து ஆண்டுகளாகப் பௌத்தத் தியானம் கற்பித்துவருகிறார். பிறர் மகிழ்ச்சியில் தானும் மகிழும் பேறு பெற்றவர். அவரது எழுத்தில் அலையற்ற ஏரியின் அமைதியைக் காணலாம்.”

மணி டீச்சருடைய மூன்றாவது புத்தகத்தின் பின்னட்டையில் இப்படி அச்சாகியிருக்கிறது. பின்னட்டைக் குறிப்புகளைப் பதிப்பாளர்கள் எழுதுவதாக வாசகர்கள் நம்புகிறார்கள். அந்தப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை எழுதியவர் டீச்சரேதான். முதல் வடிவத்தில் ‘பேறு பெற்றவர்’ என்ற இடத்தில் ‘வல்லவர்’ என்று இருந்தது. அடக்கம் கருதி மாற்றினார்.

டீச்சர் பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் நடத்துகிறவர். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு மேலே பழைய பிரேம் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, பதினான்கு பாய்களை விரித்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தியான வகுப்பு நடத்திவந்தார். அந்தப் பாய்களில் ஒன்று என்னுடையது. உட்காரும்போது ஒரு முறை, எழும்போது ஒரு முறை, உள்ளங்கையில் அடங்கும் வெண்கல மணியை அடிப்பார். பெயர் அதனால் வந்தது. பள்ளியிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. அங்கே மணியடிப்பது வேறொருவர் வேலை என்பதால் அந்த வேறொருவருக்குச் சற்று வருத்தம்.

பௌத்தத்துக்குச் சிலர் துக்கத்தின் வழியாக வருகிறார்கள், சிலர் தத்துவத்தின் வழியாக. மணி டீச்சர் வந்தது பொறாமையின் வழியாக. எட்டு வயது இளையவரான ஒருத்திக்குத் துறைத்தலைவர் பதவியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் பல்லைக் கடித்தார். உவமையாகச் சொல்லவில்லை, பல் மருத்துவரே இரண்டு கடைவாய்ப் பற்களைக் காட்டி எச்சரித்தார். அந்த மாதத்தில் பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பௌத்த நூல் கைக்குக் கிடைத்தது. மனத்தின் அழுக்குகளை அதில் வரிசையாக எண் போட்டுப் பட்டியலிட்டிருந்தார்கள். பொறாமைக்கும் ஓர் எண் இருந்தது. வேதியியல் ஆசிரியைக்கு எண் போட்ட பட்டியல் பிடித்துப்போனதில் வியப்பில்லை. எண் இருக்கிற எதையும் பிரித்தெடுத்துவிடலாம் என்று நம்பினார்.

வகுப்பு தொடங்கிய பல ஆண்டுகளுக்குப் பிறகு பிசியோ வந்து சேர்ந்தார். மருத்துவமனையில் உடலியக்கச் சிகிச்சை செய்கிறவர். ஆறடிக்கு மேல் உயரம். ஊரார் முட்டிகளையெல்லாம் மடக்கிக் காட்டுகிறவருக்குத் தன்னுடைய இடுப்பு மடங்கவில்லை. பாயில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் முகம் வியர்த்துவிடும். மூன்றாவது ஞாயிறு, “எனக்கு இது ஒத்துவராது டீச்சர், மன்னிச்சிடுங்க” என்று செருப்பைத் தேடினார்.

டீச்சர் கீழே இறங்கிப்போய், கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுல உக்காருங்க. முதுகு நேரா இருந்தா போதும். புத்தர் வந்து முட்டிய அளந்தா பாக்கப்போறாரு?”

எல்லோரும் சிரித்தோம். பிசியோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அப்போதே எனக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். எழுதிக்கொள்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

இரண்டு ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வேலை நேரம் மாறிவிட்டது என்று சொல்லிப் பிசியோ நின்றுபோனார். அடுத்த ஆண்டு ‘நாற்காலியும் வழிதான்’ என்ற புத்தகம் வந்தது. முதல் வரி: புத்தர் வந்து முட்டியை அளந்தா பார்க்கப்போகிறார்? அடுத்த வரி: ஒரு ஆசிரியை ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார்.

முட்டி வலி உள்ளவர்கள் உலகத்தில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது அந்தப் புத்தகம் விற்ற விதத்தில்தான் தெரிந்தது. ஓராண்டில் மூன்று பதிப்பு. நகர நூலகத்தின் மாடியில் எண்பது நாற்காலி போட்டுப் பிசியோ வகுப்பெடுக்கத் தொடங்கினார். எங்கள் பதினான்கு பாய்களில் ஒன்பது சுருட்டி மூலையில் சாய்த்துவைக்கப்பட்டன.

“கூட்டம் குறைஞ்சதும் நல்லதுதான், காத்து நல்லா வருது” என்றார் மிச்சமிருந்த ஐவரில் ஒருவரான மருந்துக்கடைக்காரர். டீச்சர் சிரிக்கவில்லை.

“‘ஒரு ஆசிரியை’யாம்” என்றார். “எந்த ஆசிரியை? ஊருல ஆயிரம் ஆசிரியை இருக்கா. நாற்காலி நான் குடுத்தது. வாசகம் நான் சொன்னது. அந்தாளு குடுத்தது என்ன, முட்டியா?”

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பார். டீச்சரின் சொந்தத் தங்கை நூலக மாடிக்குப் போக ஆரம்பித்தாள். அக்காவிடம் மறைக்கவும் தெரியாதவள்.

“உனக்கும் நாற்காலி போட்டிருப்பேனேடி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“போட்டியே. போன வருஷம் ரெண்டு வாரம் போட்ட. உக்காந்தேன். நீ பாத்த பார்வை இருக்கே அக்கா, அதுக்கு முட்டி வலியே தேவலாம்.”

“நான் எப்படிப் பாத்தேன்?”

“இப்ப பாக்கிறியே, இப்படித்தான்.”

டீச்சர் பார்வையைச் சுவர்க்கடிகாரத்துக்குத் திருப்பினார். “எத்தனை பேர் வர்றாங்க அங்க?” என்று கேட்டார். அக்கறையில்லாதவர் கேட்கிற கேள்விபோல இருக்க வேண்டும் என்று பாடுபட்டுக் கேட்டார். தங்கை எண்ணிக்கையைச் சொன்னாள். தேநீர் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

டீச்சர் தன் நான்காவது புத்தகத்தை ஆறாண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதன் பொருள் முதிதை. அடுத்தவருக்கு நல்லது நடக்கும்போது அந்த மகிழ்ச்சியைத் தன்னுடையதாக உணர்வதற்குப் பௌத்தத்தில் அப்படிப் பெயர். பொறாமைக்கு நேர் மருந்து. அதற்குப் பயிற்சியும் உண்டு. நன்றாக வாழ்கிற ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவருக்குக் கிடைத்த நன்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, ‘உன் மகிழ்ச்சி குறையாதிருக்கட்டும், உன் மகிழ்ச்சி வளரட்டும்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். குழந்தை, நண்பர், அறிமுகமில்லாதவர் என்று மூன்று அத்தியாயங்களை அவர் அழகாக முடித்துவிட்டார். நான்காவது அத்தியாயம், ‘நம் தொழிலையே செய்து நம்மைவிட நன்றாக இருப்பவர்’. தலைப்பை எழுதிவிட்டு மூன்றாண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்யாததைப் பற்றி எப்படி எழுதுவது என்று ஒருநாள் தோன்றியிருக்கிறது. உடனே பரிசோதனையில் இறங்கினார். ஆய்வுக்கூடத்தில் மாணவிகள் வைத்திருப்பதுபோன்ற கோடு போட்ட நீள நோட்டு. நாள், நேரம், எடுத்துக்கொண்ட நபர், விளைவு. தினமும் காலையில் இருபது நிமிடம். எடுத்துக்கொண்ட நபர், எல்லாப் பக்கத்திலும், பிசியோ.

அவரே பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எங்களிடம் சுற்றுக்கு விட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

முதல் வாரம் விளைவு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. இரண்டாம் வாரம் ‘லேசான நெஞ்செரிச்சல். காபி காரணமாக இருக்கலாம்’. மூன்றாம் வாரம் அவருக்கு ஒரு குறை புலப்பட்டது. பயிற்சியில் அடுத்தவரின் நன்மைகளைத் தெளிவாக எண்ண வேண்டும், தன்னிடமோ தெளிவான தகவல் இல்லை. எனவே சேகரிக்கத் தொடங்கினார். பிசியோவின் பேட்டிகளை வெட்டி ஒட்டினார். எத்தனையாவது பதிப்பு, எந்தக் கடையில் எந்தத் தட்டில், முகம் தெரிய வைத்திருக்கிறார்களா முதுகு தெரியவா என்று குறித்தார். நூலக மாடிக் கணக்கு வாராவாரம் தங்கையிடமிருந்து வந்தது. நான்கு மாதத்தில் பிசியோவின் வெற்றிகளைப் பற்றிப் பிசியோவுக்கே தெரியாத அளவுக்கு முழுமையான ஆவணம் அந்த நோட்டில் சேர்ந்துவிட்டது. தினமும் காலை இருபது நிமிடம் கண்ணை மூடி அதை ஒன்றுவிடாமல் ஓதினார். மருந்தென்று நினைத்து அவர் விழுங்கிக்கொண்டிருந்தது நோயைத்தான்.

கணவர் ஒருமுறை நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். “டீச்சரம்மா, இந்தாளு மேல இவ்வளவு கவனம் வெச்சிருக்கியே, என் பவர் என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“விளையாடாதீங்க. இது பயிற்சி.”

“நல்ல பயிற்சி. ரெண்டு கன்னமும் சிவந்துபோச்சு.”

ஞாயிறுகளில் அவர் உட்காரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கையை எங்கும் ஊன்றாமல், நின்ற இடத்திலிருந்து ஒரே இறக்கமாக, நீருக்குள் கல் போவதுபோலப் பாயில் அமர்வார். எழுவதும் அப்படியே. பார்க்க அத்தனை லட்சணம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று இறங்குவார். ஞாயிறு மதியம் கண்ணாடிக் கடையில் தைல வாடை அடிக்கும். இடது முட்டி போய் நான்கு ஆண்டாகியிருந்தது. நாற்காலியில் உட்காரலாமே என்றால் முறைப்பார். நாற்காலி இப்போது பிசியோவினுடையது அல்லவா!

இந்த நிலையில்தான் பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். பௌத்த வரிசையில் ஆண்டுக்கு ஒரு புத்தகம்தான். வருகிற கையெழுத்துப் பிரதியை டீச்சருக்கு அனுப்புவோம். அவர் படித்துவிட்டு இரண்டு பக்கக் கருத்துரை எழுதி, முடிவில் ‘வெளியிடலாம்’ அல்லது ‘இப்போது வேண்டாம்’ என்று குறிப்பார். கருத்துரையில் கையெழுத்து கூடாது. கருத்துரையைப் படிக்கும் நூலாசிரியருக்கு எழுதியது யாரென்று தெரியக்கூடாது என்பது விதி.

“டீச்சர், பிசியோ ரெண்டாவது புத்தகம் குடுத்திருக்காரு. முதிதையைப் பத்தி.”

டீச்சர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“உங்களோடதும் அதேதான்னு தெரியும். ரெண்டையும் போட முடியாது. இது நல்லா இருந்தா வர்ற வருஷம் இதைப் போட்டுடலாம், உங்களோடதுக்கு அப்புறம் யோசிப்போம். சரியில்லேன்னா உங்களுக்காகக் காத்திருக்கேன். நீங்களே பாத்துச் சொல்லிடுங்க.”

“நானேவா? அது முறையா?”

“வேற யார்கிட்டயும் குடுக்கப் பயமா இருக்கு டீச்சர். உங்களுக்குத்தான் இந்தப் பொறாமையெல்லாம் கிடையாதே.”

தான் அச்சிட்ட பின்னட்டையை நம்பிய பதிப்பாளர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

பிரதி வந்த மூன்றாம் நாளே கருத்துரை தயாராகிவிட்டது. கொலை செய்கிற கருத்துரைகள் கடுமையாக இருக்காது. டீச்சருடையது மிகவும் மென்மையாக இருந்தது. ‘ஆர்வமுள்ள முயற்சி. கலைச்சொற்களில் கவனம் தேவை. மூல நூல்களில் இன்னும் ஆழ்ந்த பயிற்சி பெற்றபின், சில ஆண்டுகள் கழித்து, இதே ஆசிரியர் இதைவிடச் சிறந்த நூலொன்றைத் தரக்கூடும். அவசரம் வேண்டாம்.’ கீழே, இப்போது வேண்டாம்.

கணவர் கடையில் ஒரு பிரேமின் திருகை இறுக்கிக்கொண்டே படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. அந்தாளு படிச்சா உனக்கு நன்றி சொல்லிட்டு எழுதறதையே விட்டுடுவான்.”

“உள்ளதத்தான் சொல்லியிருக்கேன். கலைச்சொல் எல்லாம் தப்பு தப்பா இருக்கு.”

“முழுசாப் படிச்சியா?”

“மூணு அத்தியாயம் படிச்சேன். போதாதா?”

“நான் ஒரு கண்ணை மட்டும் பாத்துட்டுக் கண்ணாடி குடுத்தா நீ சும்மா விடுவியா?”

டீச்சருக்குக் கோபம் வந்தது. பிரதியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். படி ஏறுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

பிசியோவின் நான்காவது அத்தியாயத்துக்குத் தலைப்பு, ‘தரை’.

தனக்கு முதிதை வராத ஒரே ஓர் ஆளைப் பற்றி அதில் எழுதியிருந்தார். ‘ஒரு ஆசிரியை’. இரண்டு ஆண்டு ஞாயிறுதோறும் நாற்காலியில் உயர்ந்து உட்கார்ந்து, தரையில் இருக்கிறவர்களின் உச்சந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் கையூன்றாமல் அமர்கிற அந்த ஒரு நொடிக்காகவே போனதாகவும், அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கடைசியில் நின்றுபோனதாகவும், வேலை நேரம் என்று சொன்னது பொய் என்றும் எழுதியிருந்தார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தலையணைகளை அடுக்கித் தரையில் உட்காரப் பழகியிருக்கிறார். ஒருநாள் கால் மரத்துப்போய் எழ முடியாமல் மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எண்பது பேர் தன்முன் உட்கார்ந்திருக்கும்போதும், ‘இவர்களில் அந்த அறையைப் பார்த்தவர்கள் என்றைக்காவது அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள்’ என்ற நினைப்பு வராத வாரமில்லை. ‘என் புத்தகத்தில் அவர் பெயரை நான் போடவில்லை. போட்டால் எல்லோரும் அவரிடமே போய்விடுவார்கள் என்று பயந்தேன்.’

டீச்சரின் நோட்டில் அன்றைய பக்கத்தில், நாள், நேரம், எடுத்துக்கொண்ட நபர் எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. விளைவு என்ற கட்டத்தில், நான்கு மாதத்தில் முதன்முறையாக, ‘முழு மகிழ்ச்சி’.

கீழே இறங்கி வந்து கணவரிடம், “என்னங்க, எனக்கு முதிதை வந்துடுச்சு” என்றாராம். முகமெல்லாம் சிரிப்பு. அத்தியாயத்தைப் படித்துக் காட்டினார். தலையணை இடத்தை இரண்டு முறை படித்தார்.

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பாவம், அந்தாளு தரையில விழுந்து கெடந்திருக்கான். உனக்கு அதுல சந்தோஷம். அடுத்தவன் நல்லா இருக்கறதுக்குத்தான சந்தோஷப்படணும்னு சொல்லுவ?”

டீச்சர் நோட்டை மூடினார். பரிசோதனையில் தவறான குப்பியை எடுத்துவிட்டுச் சரியான நிறம் வந்துவிட்டதென்று குதிக்கிற மாணவிகளை அவர் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறவர். அப்படிப்பட்டவர்களுக்குச் சுழியம்தான் போடுவார். ‘முழு மகிழ்ச்சி’யை அடித்துவிட்டார். பதிலுக்கு எதை எழுதுவதென்று தெரியாமல் அந்தக் கட்டம் இன்றுவரை காலியாக இருக்கிறது.

பிறகு இரண்டு வாரம் அவரிடமிருந்து தகவல் இல்லை. பதிப்பாளர் கேட்டபோதெல்லாம், “பாத்துக்கிட்டிருக்கேன்” என்று வந்தது. இடையில் வந்த ஞாயிறுகளில் எங்கள் ஐந்து பேருக்கும் முன்னால் வழக்கம்போலக் கையூன்றாமல் அமர்ந்தார். இரண்டாவது ஞாயிறு அமர்ந்தவர் மணியை எடுக்கச் சற்றுத் தாமதித்தார். மேலுதட்டில் வியர்வை தெரிந்தது.

“டீச்சர், உடம்புக்கு ஏதாவது...?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ஒண்ணுமில்ல. நான் உக்கார்றதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணும்? உண்மையச் சொல்லுங்க.”

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். “பொறாமையா இருக்கும் டீச்சர். அப்புறம், வாரா வாரம் எங்கடையில வலித் தைலம் வாங்கறது நீங்கதான்னு ஞாபகம் வரும். கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர்தான் சிரித்தார். மணியை அடிக்காமலே கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரதி எங்கள் பதிப்பகத்துக்கு வந்தபோது அதைத் திறந்தவன் நான். பழைய கருத்துரை அதோடு இல்லை. அது கடையில் ஒரு பிரேமைச் சுற்றி அனுப்பப் பயன்பட்டதாகக் கணவர் பின்னால் சொன்னார். டீச்சரின் நான்காவது புத்தகம் அந்த ஆண்டு வரவில்லை, அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. நூலக மாடியில் இப்போது நூறு நாற்காலி போடுகிறார்கள் என்பதை வாரத்துக்கொரு முறை அவர் எங்களுக்குச் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்லும்போது கடைவாயில் ஒரு சத்தம் கேட்கும். பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறவர்களிடம், “அது போகும்னு யாரு சொன்னா?” என்கிறார். பின்னட்டையில் சொன்னவர் அவர்தான் என்பதை நாங்கள் நினைவூட்டுவதில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். பிசியோவின் பிரதியைப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார். முப்பத்தெட்டுப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினார். நான்காவது அத்தியாயத்தின் ஓரத்தில், ‘இந்த ஆசிரியைக்கும் நான்கு ஆண்டுகளாக இடது முட்டி சரியாக மடங்குவதில்லை, வலியை மறைத்துக்கொண்டு உட்காருகிறார்’ என்று ஒரு குறிப்பு எழுதினார். கடைசிப் பக்கத்தில் ‘வெளியிடலாம்’ என்று எழுதி, விதியை மீறித் தன் முழுப்பெயரைக் கையெழுத்திட்டார்.